நான்காம் கூடு

உதுமாலெப்பை சாக்கைக் கொட்டுகிறார்.
நிலாவெளி மணலோடு
சிமெந்துத் தரையில் சிதறுகின்றன நெருஞ்சிக்காய்கள்,
எந்தப் பக்கம் விழுந்தாலும்
ஒரு முள் மேலே பார்த்தபடி.
நிறுவை. பற்றுச்சீட்டு. கையெழுத்து.
பிறகு வழமையான கேள்வி:
"எலியள் எப்பிடி, மிஸ்?"

ஐந்து கூடு, கூட்டுக்கு ஆறு ஆண் எலி,
இருபத்தெட்டு நாள்.
முதற்கூட்டுக்கு ஒன்றுமில்லை.
மற்ற நான்குக்கும் காலை எட்டரைக்கு
எண்ணெயில் கரைத்த ஆண் சுரப்பு, தோலுக்கடியில்.
வயது ஆறுதலாகச் செய்வதை
ஊசி ஒரு மாதத்தில் செய்துவிடும்.
மூன்றாம் கூட்டுக்குக் கடை மாத்திரை.
நான்குக்கும் ஐந்துக்கும்
இந்தக் காய்களை உலர்த்தி இடித்து
மதுசாரத்தில் ஊறவிட்டு வற்றவைத்த பழுப்புக் களி,
ஒன்றுக்குக் குறைய, மற்றதுக்குக் கூட.

எல்லாம் சொல்லியிருக்கிறேன்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"இரவில எத்தினை தரம் எழும்புதுகள்?"
எலிகளின் இரவை நாங்கள் அளக்கவில்லை.

அவருடைய இரவு எனக்குத் தெரியும்.
மூதூர்ப் படகில் இயந்திரம் ஓட்டிய காலத்தில்
கடலைப் பார்த்து நின்றால் போதும், வந்துவிடும்.
இப்போது கிண்ணியா வீட்டில்
பன்னிரண்டு, ஒன்றரை, இரண்டு, மூன்றேகால்.
குழாயைத் திறந்துவிட்டு
அது ஓடுகிற சத்தத்தை
உடம்புக்குக் கேட்கச் சொல்லி நிற்கிறார்.
சுபஹுக்கு ஒளு எடுத்துப் பள்ளிக்குப் போனால்
இரண்டாம் ரக்அத்தில் ஒரு சொட்டு.
முன்வரிசை மனிதர்
இப்போது பின்கதவடியில், ஹவுதுக்குக் கிட்ட.
"காத்து நல்லா வருது" என்று
கேட்டவர்களுக்குச் சொன்னாராம்.
இதை என்னிடம் சொன்னபோது
என் முகத்தைப் பார்க்கவில்லை;
இரண்டாம் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று அறுத்தோம்.
நான் எலிகளுக்குப் பெயர் வைப்பதில்லை.
(ஐந்தாம் கூட்டுக் காதறுந்தவனை மட்டும்
ஒருநாள் தம்பி என்றேன்.)
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி
மூச்சைப் பிடித்தால்தான் இலக்கம் அசையாமல் நிற்கும்.
இரண்டாம் கூடு, பாரம்.
நான்காம் கூடு, குறைவு.
ஐந்தாம் கூடு இன்னும் குறைந்திருக்கவேண்டும்;
குறையவில்லை.
"அதையும் எழுதுங்கோ" என்றார் டொக்டர் சிவாஜினி.

எனக்கு மறைக்கத் தெரியாது.
உதுமாலெப்பை கண்டுவிட்டார்.
"சுருங்கிட்டு, என்ன?"
நாலாம் கூட்டில் கொஞ்சம் என்றேன்.
அவர் மடியை அவிழ்த்தார்.
"ரெண்டு மாசமா அவிச்சுக் குடிக்கிறன், மிஸ்.
ஒவ்வொரு சாக்கிலயும்
நிறுத்தாப்பிறகு ஒரு பிடி எடுத்தன்.
அல்லாஹ்வுக்காக மன்னிச்சுக்கொள்ளுங்க."
உள்ளங்கையில் நெருஞ்சி. அதற்கடியில்
முள் குத்திய துளைகளோடு
நாலாய் மடித்த கடதாசி:
பெரியாஸ்பத்திரி, இரத்தம், மார்ச் மாதம்,
சுற்றி வட்டமிட்ட ஓர் இலக்கம்.
"இந்தக் கணக்கு எலிக்கு எவ்வளவு வந்த?"

எலிக்கு அந்தக் கணக்கே இல்லை.
எலியை வீங்கவைத்தோம்,
வீக்கம் வடிகிறதா என்று பார்த்தோம், அவ்வளவுதான்.
வீக்கமல்லாத ஒன்று உள்ளே இருந்தால்
இந்தக் காய் அதை என்ன செய்யும்,
எதுவும் செய்யாமல் விடுமா என்று
எந்தக் கூட்டிடமும் நான் கேட்கவில்லை.
இரண்டு மாதம் அவிந்த தண்ணீரில்
ஒரு கிளினிக் திகதி கரைந்துபோயிருந்தது.

இதை இப்படியே சொன்னேன்.
கொஞ்ச நேரம் கூட்டுக் கம்பியை விரலால் தட்டினார்.
நான்காம் கூடு, கழுவிக் கவிழ்த்து வைத்தது.

பிறகு அந்தப் பிடிக் காயைத் தராசில் போட்டார்.
நாற்பது கிராம்.
"இண்டையான்."
பற்றுச்சீட்டைத் திருப்பி
வியாழன், காலை ஏழு மணி, நம்பர் எடுக்கவேணும்
என்று எழுதிக் கொடுத்தேன்.
வாசித்தார். மடித்தார். வாசல்வரை போய் நின்றார்.

"வரிசையில நிக்கிற இடத்துக்கு
கக்கூஸ் கிட்டவா, மிஸ்?"

கிட்டத்தான் என்றேன்.
நேர் எதிரே.